உயர்வு நாடாமை: ஒரு பரிந்துரை

வணக்கம் அண்ணாச்சி,

மனிதவளச் சொற்பட்டியலில் 'அன்ஆம்பிஷியஸ்' (unambitious) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'இலட்சியமற்ற' என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினாரே, அது இலட்சியம். எழுத்தராக இருப்பவர் மேலாளராக வேண்டும் என்று விரும்புவதும் ஆம்பிஷன்தான். ஆனால் அதை யாரும் இலட்சியம் என்பதில்லை. அப்படி விரும்பாதவரை 'இலட்சியமற்றவர்' என்றால் கொள்கை இல்லாதவர் என்ற பழி வந்து ஒட்டிக்கொள்ளும். பணியாளர் மதிப்பீட்டில் எழுதப்போகிற சொல், கவனமாக இருக்க வேண்டும்.

'பேராசையற்ற' என்றால் பாராட்டாகிவிடும். 'மெத்தனம்' வேலையில் காட்டும் அலட்சியம். 'ஊக்கமின்மை' உளவியலில் வேறொன்றுக்கு வழங்குகிறது, அதைத் தொட வேண்டாம்.

நம்ம பக்கம் எப்படிச் சொல்கிறோம்? "முன்னுக்கு வரணும்ங்கிற நெனைப்பே அவனுக்குக் கெடையாது" என்போம். அதே ஆளைப் பற்றி இன்னொருவர் "அவனுக்கு இது போதும்லா" என்பார். முதலாவதில் குறை தொனிக்கிறது, அடுத்ததில் இல்லை. கலைச்சொல் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

பத்தமடையில் பாய் நெய்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, ஒரு பட்டுப் பாய்க்கு வாரக்கணக்கில் உட்காருவார். கடன் வாங்கித் தறியைப் பெருக்க அவர் நினைக்கவில்லை என்றால் வங்கிக்காரர் அவரை அன்ஆம்பிஷியஸ் என்று எழுதக்கூடும். ஆனால் இழை எவ்வளவு மெலிய வேண்டும் என்பதில் அவருடைய பிடிவாதத்துக்கு எல்லையே கிடையாது! ஆகவே எதில் நாட்டமில்லை என்பதையும் சொல்லே காட்ட வேண்டும்: பதவி, பணம், தொழில் விரிவு இவற்றில் மேலே போவது.

அதனால் ஆம்பிஷனுக்கு 'உயர்வு நாட்டம்', அது இல்லாததற்கு 'உயர்வு நாடாமை' என்று வைக்கலாம். குறளில் வரும் 'உயர்வுள்ளல்' எனக்கு மிகவும் பிடித்த சொல்தான். ஆனால் நினைத்தல் என்ற பொருளில் 'உள்ளுதல்' இன்று பேச்சில் இல்லை. 'உயர்வுள்ளாமை' என்று எழுதினால் வாசிப்பவர் தடுக்கி நிற்பார். 'நாடு' இன்றும் வழக்கில் இருக்கிற வினை. 'ஆமை' ஈறும் பொருந்துகிறது. கல்லாமை குறை, கொல்லாமை அறம். ஈறு தானாக எந்தப் பக்கமும் சாய்வதில்லை. பெயரெச்சம் 'உயர்வு நாடாத'. ஆளைக் குறிக்க 'உயர்வு நாடாதவர்' என்று முழுசாகவே எழுதுவோம். இலக்கணம் இடம்கொடுக்கிறதே என்று 'நாடார்' எனச் சுருக்கினால் நம் மாவட்டத்தில் சமூகப் பெயராகத்தான் படிப்பார்கள்.

அப்புறம், திட்டங்களையும் அன்ஆம்பிஷியஸ் என்கிறார்கள். 2015 பாரிஸ் உடன்படிக்கை தொடர்பான உமிழ்வுக் குறைப்பு இலக்குகளைப் பற்றி எழுதும்போது இது வருகிறது. இலக்குக்கு ஏது நாட்டம்? அங்கே 'தாழ்வான இலக்கு' போதும்.

சரி என்று பட்டால் பட்டியலில் எடுத்துக்காட்டாக இதைச் சேர்த்துவிடுங்கள்: 'பதவி உயர்வுத் தேர்வை அவர் எழுதாததற்குக் காரணம் உயர்வு நாடாமை, அவர் வேலையில் குறை ஏதுமில்லை.'