தமிழ்வழி பிளஸ் டூ மாணவிக்கு கிளாட் தேவையா?

தாமிரபரணிக்காரன்:
அக்கா மகள் இந்த ஜூனில் பிளஸ் டூ போகிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, தமிழ்வழி. வக்கீல் ஆக வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட் எழுதினால்தான் எதிர்காலம் என்று ஒரு கோச்சிங் சென்டரில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அத்தான் நகையை அடகு வைக்கக்கூடத் தயார். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும், நுழைவுத் தேர்வு கிடையாது. 2021இல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு சட்டப் படிப்பிலும் 7.5 சதவீத இடம் இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அப்புறம் எதற்கு டிசம்பரில் கிளாட், அதே மாதம் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு என்று பிள்ளையைப் பாடாய்ப் படுத்த வேண்டும்?

கருப்பு அங்கி:
நகையை அடகு வைக்கக் கூடாது, அதில் உங்கள் பக்கம்தான் நான். ஆனால் கிளாட்டே வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளிக்கும் சரி, நம் திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் சரி, ஐந்தாண்டு இளநிலைச் சட்டப் படிப்புக்கு வாசல் கிளாட்தான். பெரிய சட்ட நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுப்பதும், உச்ச நீதிமன்ற வக்கீல்களிடம் மாணவப் பருவத்திலேயே பயிற்சி கிடைப்பதும் அங்கே சகஜம். நகரத்து ஆங்கிலப் பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அந்த வாசலில் நிற்பதற்கு நாமே ஏன் வழிவிட வேண்டும்?

மாலை வகுப்பு:
வாசல் இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் மட்டும்தான் திறக்கிறது. இதை நான் பாடம் எடுக்கும் வகுப்பில் நேரிலேயே பார்க்கிறேன். கிளாட்டில் வருவது போன்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் மிக்சிக்கு 1,999 ரூபாய் என்று விலை ஒட்டியிருக்கிறார். ஒருவர் பணத்தை நீட்டுகிறார், கடைக்காரர் கொடுக்க மறுக்கிறார். இது ஒப்பந்த மீறலா? விலையைக் காட்டி வைப்பது மட்டுமே விற்கச் சம்மதித்ததாகாது, வாங்க வருபவர் கேட்டு, கடைக்காரர் ஒப்புக்கொண்டால்தான் ஒப்பந்தம் என்று பத்தியிலேயே விதி கொடுத்திருப்பார்கள். தமிழில் வாசித்துக் காட்டினால் கடைசி பெஞ்ச் வரை “இல்லை சார், அவர் இன்னும் ஒத்துக்கவே இல்லையே” என்று காரணத்தோடு சொல்கிறார்கள். அதையே 450 சொல் ஆங்கிலப் பத்தியாகக் கொடுத்தால் பாதியைத் தாண்டுவதற்குள் நேரம் ஓடிவிடுகிறது. 120 நிமிடத்தில் 120 கேள்வி, தப்புக்கு கால் மதிப்பெண் போகும். இது சட்ட அறிவையா சோதிக்கிறது, ஆங்கில வாசிப்பு வேகத்தையா? அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் இருக்கின்றன. கேள்வித்தாள் அவற்றில் ஒன்றில்கூட இல்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

பொன்மலை:
நானும் தமிழ்வழிதான் சார், இப்போது ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். நீங்கள் சொல்லும் அநியாயம் உண்மை. ஆனால் அது சரியாகும்வரை நாங்கள் காத்திருக்க முடியாது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் உயர் நீதிமன்றத் தீர்ப்பை ஆங்கிலத்தில் படித்துத்தான் ஆக வேண்டும், அந்தப் பழக்கத்தை ஆறு மாதம் முன்னாடியே தொடங்கினால் நஷ்டமில்லை. 2020லிருந்து கிளாட் முழுக்கப் பத்தி வாசித்துப் பதில் சொல்லும் தேர்வு. சட்டம் முன்கூட்டியே தெரிந்திருக்கத் தேவையில்லை. கணக்கு பத்தாம் வகுப்பு அளவுதான், அதுவும் பத்திலிருந்து பதினான்கு கேள்விக்குள். நடப்பு நிகழ்வுகளும் சட்டப் பகுதியும் சேர்ந்தால் பாதித் தாள். தினமும் ஆங்கில நாளிதழில் ஒரு தலையங்கத்தைச் சத்தமாக வாசித்து, என்ன வாதம், எதற்கு எதிராக, என்ன ஆதாரம் என்று தமிழில் நான்கு வரி எழுதி வைப்பேன். மொழிபெயர்ப்பு வேண்டாம், வாதம் பிடிபட்டால் போதும். பழைய வினாத்தாள்கள் தேர்வை நடத்தும் கூட்டமைப்பின் தளத்திலேயே இலவசம். வசதியில்லாத பிள்ளைகளுக்காக பேராசிரியர் ஷம்னாத் பஷீர் 2010இல் தொடங்கிய ‘ஐடியா’ அமைப்பு பயிற்சி கொடுக்கிறது. அதையும் விசாரித்துப் பாருங்கள் அண்ணா.

தாமிரபரணிக்காரன்:
தங்கச்சி சொல்வது உபயோகமாக இருக்கிறது, நன்றி. ஆனால் பெரிய சட்ட நிறுவனம், டெல்லி என்று பேசும்போது எனக்கு மனசு ஒட்டவில்லை. அவள் நினைப்பதெல்லாம் அம்பாசமுத்திரம் கோர்ட்டு. எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறும் பாகப்பிரிவினையும்தான் வழக்கு. சாட்சி தமிழில் பேசுவார், குறுக்கு விசாரணையும் தமிழில்தான். அந்த வேலைக்கு அரசு சட்டக் கல்லூரியில் படித்து, நல்ல சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தால் போதாதா? தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் வருடக் கட்டணமே லட்சத்தில் போகிறது. கல்விக் கடன் வாங்கிப் படித்தவள் ஊருக்குத் திரும்பி எப்படி வக்கீல் தொழில் நடத்துவாள்? கடனைக் கட்டவே கம்பெனி வேலைக்குத்தான் போவாள்.

கருப்பு அங்கி:
கடன் விஷயத்தில் உங்கள் பயம் நியாயம். என்னிடம் அதற்கு நல்ல பதில் இல்லை. உதவித்தொகை கிடைக்காமல் சேர வேண்டாம் என்றே நானும் சொல்வேன். ஆனால் பதினேழு வயதில் அம்பாசமுத்திரம் போதும் என்று முடிவெடுக்க வேண்டியது அவள். தேர்வு எழுதுவதால் அரசுக் கல்லூரி இடம் எங்கும் போய்விடாது.

மாலை வகுப்பு:
இடம் போகாது, மதிப்பெண் போகும். அரசுக் கல்லூரியில் கட் ஆஃப் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் பார்க்கும். பொதுத்தேர்வில் சறுக்கினால் இருக்கிற வழியும் அடைபடும். அதற்கு மேல் கிளாட் விண்ணப்பக் கட்டணமே சமீப ஆண்டுகளில் பொதுப்பிரிவுக்கு 4,000, எஸ்சி எஸ்டிக்கு 3,500 ரூபாய். கூலி வேலை பார்க்கும் வீட்டில் இது சின்னத் தொகை இல்லை.

பொன்மலை:
விண்ணப்பம் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில்தான் திறக்கும் சார். அதுவரை பணம் கட்ட வேண்டியதில்லை. அண்ணா, இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய தாளில் சட்டப் பகுதியை மட்டும் அவளிடம் கொடுங்கள். கடிகாரம் வேண்டாம், அகராதி கையில் இருக்கட்டும். எத்தனை சரி என்று எண்ண வேண்டாம், முடித்த பிறகு அடுத்த பத்தியை அவளாகக் கேட்கிறாளா என்று பாருங்கள்.

தாமிரபரணிக்காரன்:
கொடுக்கிறேன். அவள் கேட்டால் விண்ணப்பத்துக்கு நான் பணம் கட்டுகிறேன், கோச்சிங்குக்கு மட்டும் ஒரு ரூபாய் கிடையாது. அத்தானிடம் இன்று ராத்திரியே பேசிவிடுகிறேன்.