அந்த 5 கிலோமீட்டர்

சாங்கிவாசி:
எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒருவர், "சிங்கப்பூர் - நியூவார்க் விமானம்தான் நடுவில் எங்கும் நிற்காமல் போவதில் உலகத்திலேயே நீளமானது" என்று நேற்று பெருமையாகப் போட்டிருக்கிறார். அந்தப் பட்டம் 2020 நவம்பரிலேயே நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குப் போய்விட்டது ஐயா. ஜேஎஃப்கே 15,349 கி.மீ., நியூவார்க் 15,344. பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மாம்பலத்தான்:
அடேங்கப்பா, 5 கி.மீ.! விமானம் அதை 20 நொடியில் தாண்டிவிடும். ஓடுபாதைக்கு முன்னால் வரிசையில் நிற்கிற நேரம் இதைவிட அதிகம்.

சாங்கிவாசி:
நொடி கேட்கவில்லை. தூரம் கேட்டேன். 15,349.

கணக்குப்பிள்ளை:
மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்து 15,349ஐ வகுத்தால் 17 மணி நேரம். டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடத்துக்கு மேல் போட்டிருக்கிறான். மிச்சம் ஒன்றரை மணி நேரம் எங்கே போனது? தாமதமாகப் போய்விட்டு "நேரத்துக்கு வந்துவிட்டோம்" என்று கைதட்டு வாங்குகிற வித்தை இது.

மாம்பலத்தான்:
அண்ணே, கதவை மூடி நகர்ந்ததிலிருந்து அந்த ஊரில் போய் நிற்கும்வரை எண்ணுவதுதான் அந்த நேரம். அப்புறம் 15,349 என்பது உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தது. அந்த நூல் வடதுருவத்தை உரசிக்கொண்டு போகும். பைலட் அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போவார், பசிபிக்கைச் சுற்றிக்கொண்டு போகிற நாளும் உண்டு. உங்கள் 5 கி.மீ. அதில் எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்லுங்கள்.

சாங்கிவாசி:
காற்றுக்குப் பட்டம் கொடுப்பதில்லை தம்பி. போன மாதம் மதுரை தூரத்திலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள், மறக்கவில்லை.

மயிலைராணி:
நியூவார்க் இருப்பது நியூஜெர்சியில். முதலில் அதைச் சொல்லுங்கள். அங்கே இறங்கிவிட்டு "நியூயார்க் போனேன்" என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்களைத்தான் எனக்குத் தாங்கவில்லை.

நியூஜெர்சி மருமகன்:
எங்களைத்தான் சொல்கிறீர்கள், புரிகிறது அக்கா. நான் அந்த விமானத்திலேயே போனவன். ஏ350-900 யூஎல்ஆர் என்கிற, மிக நீண்ட தூரம் பறக்கிற ஏர்பஸ் விமானம், மொத்தமே 161 இருக்கை, சாதாரண எகானமி கிடையாது. இரண்டு படம் பார்த்து, தூங்கி, எழுந்து பார்த்தால் திரையில் இன்னும் 9 மணி நேரம். கால் வீங்கி ஷூவுக்குள் நுழையவில்லை. அப்போது யாராவது வந்து 5 கி.மீ. பேசியிருந்தால் நடப்பதே வேறு.

மயிலைராணி:
பிரீமியம் எகானமியில் போனதைச் சொல்ல இவ்வளவு சுற்றா? ஜேஎஃப்கேக்கு இணையாக இதுவும் நேரம் தின்னும், தெரியும்.

சாங்கிவாசி:
கால் வீங்கினாலும் நீங்கள் போனது 15,344தான்.

நியூஜெர்சி மருமகன்:
2004லேயே நேராக விட்டது எங்கள் நியூவார்க்குக்கு. 2013இல் நிறுத்தி, 2018 அக்டோபரில் திரும்ப விட்டதும் அங்கேதான். ஜேஎஃப்கே நேற்று வந்த பிள்ளை.

சாங்கிவாசி:
நேற்று வந்தாலும் 5 கி.மீ. உயரம். 15,349.

மாம்பலத்தான்:
உயரமா! அளவே மாறிவிட்டதே அண்ணே.

கணக்குப்பிள்ளை:
எல்லாம் சரி, கதவு மூடி நகர்வதற்கு ஒன்றரை மணி நேரமா? யாராவது பதில் சொல்லுங்கள்.