காய்ந்த பௌலிங் லேனுக்கு எந்தப் பந்து: யூரித்தேனா, பேர்ல் ரியாக்டிவா, பிளாஸ்டிக்கா?

கிள்ளான்_வலதுகை:
எல்லோருக்கும் வணக்கம். வலது கை, ஒரு கை பாணி. 14 பவுண்டு பந்து, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர் சுமார், சுழற்சி நன்றாகவே உண்டு. எங்கள் லீக் இரவு 9 மணிக்கு. அதே லேனில் எங்களுக்கு முன்னால் இன்னொரு லீக் ஆடி முடித்திருக்கும், லேனில் பூசிய எண்ணெய் பெரும்பாலும் போயிருக்கும். நடுவில் ஒருமுறை எண்ணெய் போடச் சொன்னால் சென்டர்காரர்கள் காதிலேயே வாங்குவதில்லை. என்னிடம் இருப்பது 2000 கிரிட் (உரசும் தாளின் அளவு) மேற்பரப்புள்ள சாலிட் ரியாக்டிவ், அதாவது லேனை நன்றாகப் பிடிக்கும் வகை. முதல் கேம் எப்படியோ ஓடிவிடுகிறது. அதற்கப்புறம் லேனில் உள்ள அம்புக்குறியைத் தாண்டியதுமே பந்து திரும்ப ஆரம்பித்து, முதல் பின்னுக்கு (லேன் முடிவில் நிற்கும் 10 கட்டைகளில் முன்னால் உள்ளது) இடது பக்கம் போய் விழுகிறது. அல்லது நேராக அதன் மூக்கில் இடித்து, பின்கள் இடைவெளி விட்டு நிற்கும் ஸ்பிளிட் விட்டுவிடுகிறது. ஒரு பந்து வாங்கத்தான் காசு இருக்கிறது. லீக்கில் எல்லோரும் "யூரித்தேன் வாங்கு" என்கிறார்கள். சரியா?

ரெவ்_ராஜா:
சரிதான், கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். ரியாக்டிவ் பந்து எண்ணெயில் வழுக்கும், காய்ந்த இடம் வந்ததும் பாயும். அந்தப் பாய்ச்சல்தான் உங்களைக் கொல்கிறது. யூரித்தேன் அப்படிப் பாயாது, மெதுவாக வளைந்து வரும். தப்பாகப் போட்டாலும் எங்கே போகும் என்று முன்கூட்டியே தெரியும். ரியாக்டிவ் மாதிரி எண்ணெயைக் குடிக்கவும் குடிக்காது. குட்டை பேட்டர்ன் (குறைந்த நீளத்துக்கு எண்ணெய் பூசிய லேன்) வந்தால் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பையிலிருந்து எதை எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

துளைக்கடை:
பந்துக்குத் துளை போடுவது என் தொழில், அதனால் இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். ராஜா தம்பி, நீங்கள் இரண்டு கை பாணி. உங்கள் வேகமும் கேள்வி கேட்டவர் வேகமும் ஒன்றா?

எந்தப் பந்தும் முதலில் வழுக்கும், அப்புறம் வளையும், கடைசியில் உருளும். காய்ந்த லேனில் அந்த முதல் கட்டம் சுருங்கிவிடுகிறது. 60 அடி லேனில் 25ஆவது அடியிலேயே வளையத் தொடங்கினால், பின்னை அடைவதற்குள் பந்தின் பக்கவாட்டு வேகமெல்லாம் தீர்ந்துபோகும். பாக்கெட்டிலேயே, அதாவது 1ஆம், 3ஆம் பின்களுக்கு இடையிலேயே விழுந்தாலும் சோம்பலாக விலகி 10ஆம் பின்னை நிற்க விட்டுவிடும். இப்போது யூரித்தேனை எடுங்கள். அதன் மேற்பரப்பு உராய்வை முன்னாலேயே பிடிக்கும். மெதுவாகப் போடுகிறவர், சுழற்சியும் உள்ளவர், எண்ணெய் இல்லாத லேனில் அதைப் போட்டால் பந்து பாதி வழியிலேயே உயிரை விடும்.

இவருக்கு வேண்டியது பாலிஷ் போட்ட பேர்ல் ரியாக்டிவ் (நன்றாக வழுக்கி, தாமதமாகப் பிடிக்கும் வகை), பலவீனமான கோர் (பந்துக்குள் இருக்கும் எடைக்கட்டி). கோரின் எண்களைப் பார்த்து வாங்குங்கள். விதிப்படி ஆர்ஜி (எடை பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்ற அளவு) 2.46 முதல் 2.80 வரை இருக்கலாம், டிஃபரென்ஷியல் (அதிகபட்ச, குறைந்தபட்ச ஆர்ஜிக்கு உள்ள வித்தியாசம்) 0.060க்கு மேல் போகக் கூடாது. ஆர்ஜி கூடினால் பந்து தாமதமாக உருளத் தொடங்கும். டிஃபரென்ஷியல் குறைந்தால் ஒரே தடத்தில் ஓடும், புதுப்புது மேற்பரப்பை லேனுக்குக் காட்டாது, அதனால் பிடிப்பும் குறையும். கம்பெனிகள் தொடக்கநிலை என்று விற்கிற ஸ்டார்ம் ட்ராபிக்கல் சர்ஜ், பிரன்ஸ்விக் ரைனோ வரிசைகளின் பேர்ல் பந்துகள் இதற்குப் போதும். விலையும் குறைவு. "இது ஆரம்பகாரர் பந்தாச்சே" என்று கௌரவம் பார்ப்பவர்கள்தான் இங்கே அதிகம்.

ரெவ்_ராஜா:
அண்ணே, பேர்ல் பந்து பேக்எண்டில் (லேனின் கடைசிப் பகுதியில்) எகிறும், அதை ஏன் சொல்லவில்லை? கொஞ்சம் எண்ணெய் பட்டால் நேராக ஓடிப்போகும், கொஞ்சம் காய்ந்திருந்தால் பிய்த்துக்கொண்டு திரும்பும். கேட்டவர் பிரச்சினையே கட்டுப்பாடு இல்லாததுதான். குட்டை பேட்டர்னில் யூரித்தேன் ஜெயிக்கிறது என்று சொன்னேனே, அதற்கும் பதில் வரவில்லை.

துளைக்கடை:
வருகிறேன். குட்டை பேட்டர்ன் வேறு, காய்ந்த லேன் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்த யூரித்தேன் அறிவுரை ஊரெல்லாம் பரவுகிறது. குட்டை பேட்டர்னில் முதல் 32, 35 அடிக்குப் புது எண்ணெய் இருக்கும், அதற்குப் பின்னால்தான் நீளமான காய்ந்த பகுதி. முன்னால் வழுக்கிவிட்டுப் பின்னால் அடக்கமாக வளைய யூரித்தேன் அற்புதம், மறுக்கவில்லை. பேட்டர்ன் நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால் பந்து திரும்ப வேண்டிய போர்டு (ஓரத்திலிருந்து எண்ணும் லேன் பலகை) வரும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 35 அடி என்றால் 4ஆவது போர்டு, லேன் ஓரத்துச் சாக்கடையை ஒட்டி. அங்கிருந்து பந்து பாய்ந்து வந்தால் ஆபத்து, அதனால்தான் அவர்கள் யூரித்தேனை எடுக்கிறார்கள். இவருடைய லேனில் ஒரு லீக் முழுக்க ரியாக்டிவ் பந்துகள் எண்ணெயை உறிஞ்சிவிட்டன. போனது முன்பகுதி எண்ணெய். வழுக்க இடமே இல்லாதபோது அந்த அடக்கம் எதற்கு?

பேர்ல் எகிறும் என்பது உண்மை. பலவீனமான கோர் என்று சொன்னது அதற்காகத்தான்.

பழைய_மரலேன்:
தம்பிகளா, நான் மேப்பிளும் பைனும் போட்ட மர லேனில் ஆடக் கற்றவன். இப்போது உள்ளவர்களுக்குப் பிளாஸ்டிக் பந்து என்றால் ஸ்பேருக்கு (மீதி நிற்கும் பின்னை இரண்டாவது பந்தில் வீழ்த்துவது) மட்டும். 1970களில் அதுதான் பெரிய ஆட்டக்காரர்களின் பந்து. 1973இல் டான் மெக்கூன் என்ற அமெரிக்கர், பிளாஸ்டிக் பந்தை ரசாயனத்தில் ஊறவைத்து மென்மையாக்கி, ஒரே வருடத்தில் 6 தொழில்முறைப் பட்டங்களை அள்ளினார். அதற்கப்புறம்தான் பந்துக்குக் கடினத்தன்மை விதியே வந்தது. அவர்கள் பந்தை வளைய வைக்கப் பாடுபட்டார்கள். நீங்கள் வளையாமல் இருக்கக் காசு செலவழிக்கிறீர்கள்.

கிள்ளான் தம்பிக்கு என் யோசனை: பிளாஸ்டிக் வாங்கு. 10ஆம் பின் ஸ்பேருக்கு எப்படியும் வேண்டும். லேன் நிஜமாகவே எரிந்துபோயிருந்தால் பிளாஸ்டிக்கும் வளையும்.

ரெவ்_ராஜா:
அங்கிள், வளையும், ஆனால் பின்னைத் தள்ளாது. நேராகப் போய்ப் பாக்கெட்டில் பட்டு என்ன பயன்? முதல் பின்னில் மோதியதுமே வெளியே விலகி ஓடிவிடும். ஸ்பேர் அடித்து அடித்தே வயசாகிவிடும்.

பழைய_மரலேன்:
ஸ்பேர் அடித்தே 190 வரும் தம்பி. முதல் பந்திலேயே எல்லாப் பின்னும் விழும் ஸ்ட்ரைக் ஒன்றுகூட வேண்டாம்.

துளைக்கடை:
அங்கிள் சொல்லும் கணக்கு சரி. எல்லா ஃபிரேமும் (ஒரு கேமில் 10 முறை) 9 பின், ஸ்பேர் என்று போனால் 190தான். ஆனால் மோதும் கோணமும் முக்கியம். பாக்கெட்டுக்குள் 6 டிகிரி அளவில் நுழையும் பந்துக்குத்தான் ஸ்ட்ரைக் வாய்ப்பு அதிகம். பிளாஸ்டிக்கில் அந்தக் கோணம் கிடைப்பது கஷ்டம்.

மூன்றாம்_அம்பு:
எல்லோரும் பந்தையே விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். கால் எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. சென்டர்களில் போடும் சாதாரண பேட்டர்னில் நடுவில் எண்ணெய் அதிகம், ஓரத்தில் கொஞ்சம். முந்தின லீக்கின் வலது கைக்காரர்கள் எல்லோரும் 10ஆவது போர்டைச் சுற்றியே ஓட்டியிருப்பார்கள். அந்தத் தடம்தான் செத்திருக்கும், நடுப்பகுதி இன்னும் ஈரமாக இருக்க வாய்ப்புண்டு. நான் என்றால் 5, 6 போர்டு இடது பக்கம் நகர்ந்து, குறியையும் உள்ளே இழுத்து, அந்த எண்ணெய் மேலேயே ஓட்டுவேன். அங்கே பலவீனமான பந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெளியே போன பந்து திரும்பி வராது. அவருடைய பழைய சாலிட் பந்துதான் வரும்.

துளைக்கடை:
அக்கா, அது வேகம் உள்ளவர்களுக்கு. உள்ளேயிருந்து வெளியே வீசும்போது பந்து அந்தச் செத்த தடத்தைக் கடந்துதானே போக வேண்டும்? 24 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும்போதே பிடித்துவிடும்.

மூன்றாம்_அம்பு:
அப்படியென்றால் வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள். தொடக்கத்தில் பந்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாலே கூடும். விடும்போது விரல்களைப் பந்தின் பின்னாலேயே வைத்தால் பக்கச் சுழற்சி குறைந்து நேராக உருளும். இரண்டுக்கும் காசு செலவில்லை.

கிள்ளான்_வலதுகை:
அக்கா, இடது பக்கம் நகர்ந்து பார்த்தேன். இரண்டாவது கேமில் வேலை செய்கிறது, மூன்றாவதில் அதுவும் போய்விடுகிறது. சரி, இன்னொன்று. இருக்கிற சாலிட் பந்துக்கே பாலிஷ் போடலாமா? கூடுதலாக ஒரு துளை போட்டு ஹூக்கை (பந்து வளைவதை) குறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

துளைக்கடை:
துளையை மறந்துவிடுங்கள். விரல் போடாத பேலன்ஸ் துளைக்கு 2020 ஆகஸ்ட் முதல் யூஎஸ்பிசி (அமெரிக்க பௌலிங் அமைப்பு) தடை இருக்கிறது. லீக் அந்த விதியைப் பின்பற்றினால் பந்தே செல்லாது. பாலிஷ் தாராளமாகப் போடலாம், ஆனால் ஆட்டத்துக்கு முன்னால். முதலில் பந்துக்குள் ஊறிய எண்ணெயைச் சூடுகாட்டி வெளியே எடுக்கச் சொல்லுங்கள், அப்புறம் பாலிஷ். சில அடி தாமதமாகத் திரும்பும். சாலிட் சாலிட்தான், பேர்லாக மாறிவிடாது. முதல் இரண்டு கேமுக்கு அது போதும்.

ரெவ்_ராஜா:
மூன்றாவது கேமுக்கு?

துளைக்கடை:
அதற்குத்தான் பேர்ல். ஆனால் இவரிடம் ஸ்பேர் பந்தே இல்லை என்றால் அங்கிள் சொன்னதையே முதலில் வாங்கட்டும். சாலிட் ரியாக்டிவை வைத்து 10ஆம் பின்னைக் குறிவைப்பது, அதுவும் காய்ந்த லேனில், மாதா மாதம் போகிற நஷ்டம்.

கிள்ளான்_வலதுகை:
ஸ்பேர் பந்து இல்லை. இதுவரை சென்டர் பந்தைத்தான் எடுக்கிறேன், விரலே சரியாகப் பொருந்தாது. இந்த வாரம் பாலிஷ் போட்டுவிட்டு, என் விரலுக்குத் துளைத்த பிளாஸ்டிக் ஒன்று வாங்குகிறேன். மூன்றாவது கேமில் அதையே ஸ்ட்ரைக்குக்கும் போட்டுப் பார்க்கிறேன். பேர்ல் போனஸ் வந்ததும்.

பழைய_மரலேன்:
15 பவுண்டு வாங்கு, 14 வேண்டாம். பின்னில் பட்டால் குறைவாக விலகும்.

துளைக்கடை:
வேண்டாம் அங்கிள். கூடுதல் கனம் வேகத்தை இன்னும் குறைக்கும். இரண்டு பந்தும் ஒரே எடையில் இருக்கட்டும்.

ரெவ்_ராஜா:
நான் இப்போதும் யூரித்தேன் கட்சிதான். கிள்ளான் பிரதர், உங்கள் லீக்கில் யாரிடமாவது இருந்தால் பயிற்சி நேரத்தில் கடன் வாங்கி நாலு ஷாட் போட்டுப் பாருங்கள். விரல் பொருந்தாவிட்டாலும் பந்து எங்கே திரும்புகிறது என்று தெரிந்துவிடும்.