காக்காவைத் ‘தாத்தா’ என்று கூப்பிடும் பிள்ளைகள்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

திருச்சி அம்மா:

மகனுக்கு நான்கு வயது முடிந்தும் ‘க’ வரவில்லை. கதவு ‘ததவு’, கத்தரிக்காய் ‘தத்தரித்தாய்’. மொட்டைமாடியில் காக்கா வந்தால் “தாத்தா, தாத்தா” என்று கத்துவான். கீழே இருக்கும் என் மாமனார் “என்னடா ராசா?” என்று படியேறி வருவார். வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. எல்.கே.ஜி.யில் மற்ற பிள்ளைகள் அவனை மாதிரியே பேசிக்காட்டத் தொடங்கியபோதுதான் ஸ்பீச் தெரபிக்குப் போனோம்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. அவனைப் போலவே நானும் காக்காவைக் காட்டி “தாத்தா பறக்குதா?” என்று கேட்டால் கோபம் வரும். “தாத்தா இல்லம்மா, தாத்தா!” என்பான். இது 1960-லேயே பதிவான விஷயம் என்று தெரபிஸ்ட் சொன்னார். ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற இரண்டு மொழி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்களாம்: மீன் பொம்மையை ‘ஃபிஷ்’ என்பதற்குப் பதில் ‘ஃபிஸ்’ என்று சொன்ன ஒரு குழந்தை, பெரியவர்கள் ‘ஃபிஸ்’ என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் சொல்லும்போது வித்தியாசம் தெரிகிறது, தன் வாயில் வரும்போது தெரிவதில்லை.

முதலில் காது டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அதில் குறை இல்லை. அப்புறம் சில வகுப்புகளில் அவனைப் பேசவே சொல்லவில்லை. காக்கா படம் ஒன்று, தாத்தா படம் ஒன்று, கை நிறையப் புளியங்கொட்டை. அவர் சொல்வதற்கு ஏற்ற படத்தில் இவன் கொட்டை வைக்க வேண்டும். தப்பே இல்லாமல் வைத்தான். பிறகு ஆட்டத்தை மாற்றினார்: இவன் சொல்ல வேண்டும், அவர் வைப்பார். இவன் காக்காவை நினைத்துத் “தாத்தா” என்றான், அவர் நிதானமாகத் தாத்தா படத்தில் வைத்தார். இவன் எடுத்துக் காக்காவில் போட்டான். மறுபடி “தாத்தா”, மறுபடி அதே படம். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தான் சொல்வது அடுத்தவருக்கு வேறாகக் கேட்கிறது என்று அவனுக்கு உறைத்தது அங்கேதான்.

ஒலியை வரவைக்கக் கட்டில் ஓரத்தில் தலை லேசாகத் தொங்கும்படி மல்லாந்து படுக்கவைத்தோம். அப்படிப் படுத்தால் நாக்கு தானாகப் பின்னால் போகிறது. முதலில் வந்தது ‘க’ இல்லை, ‘அக்’. பிறகு ‘இக்’, ‘பக்கம்’, ‘அக்கா’. அவன் ‘அக்கா’ என்று சொன்னதும் பெரியவள் “என்னடா?” என்று ஓடிவருவாள், அதைவிட வேறு பரிசு தேவைப்படவில்லை. ‘முகம்’, ‘அகல்’ மாதிரிச் சொற்களை வேண்டுமென்றே தள்ளிவைத்தோம். அங்கே ‘க’வை நாமே மெலிதாகத்தான் சொல்கிறோம். அழுத்தமான ‘க்க’தான் பிடித்துக்கொள்ள எளிது.

கோவை அப்பா:

அக்கா, உங்களுக்காவது தாத்தா. எங்கள் வீட்டில் ‘ர’ ‘ல’ ஆகிவிடும். தெருவோரம் நின்று “அப்பா, எவ்வளவு பெலிய மலம்!” என்பாள் மகள். போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள், அது வேப்பமரம் என்று நான் விளக்க வேண்டும். :)

என் அம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தடவினால் சரியாகிவிடும் என்றார். பக்கத்து வீட்டில் நாக்கு அடியில் ஒட்டியிருக்கு, அந்தச் சவ்வை வெட்டிவிடுங்கள் என்றார்கள். நாங்கள் முதலில் போன ஒரு சென்டரில் மாதக்கணக்கில் விசில் ஊது, பலூன் ஊது, நாக்கை மூக்கு வரை நீட்டு என்றே ஓட்டினார்கள். பிள்ளை நன்றாக ஊதக் கற்றுக்கொண்டாள், ‘ர’ வரவில்லை.

அடுத்துப் போன இடத்தில் நேராக ஒலிக்கே வந்தார்கள். மேல் பல்லுக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது அல்லவா, அங்கே துளி ஜாம் வைத்து நுனிநாக்கால் தொடச் சொன்னார்கள். ‘ல’வுக்கு நாக்கு அங்கேயே ஒட்டி நிற்கும், காற்று பக்கவாட்டில் போகும். ‘ர’வுக்கு ஒரே ஒரு தட்டு, உடனே விலக வேண்டும். கண்ணாடி முன் உட்கார்ந்து பார்த்தாள். ‘ரயில்’, ‘ராஜா’ என்று சொல்லின் தொடக்கத்தில் ‘ர’ வருவதைக் கடைசிக்குத் தள்ளினார்கள். ‘அரிசி’, ‘கீரை’, ‘மோர்’ என்று நடுவிலும் கடைசியிலும் முதலில் பிடித்தோம். சமையலறையிலேயே பாடம் முடிந்துவிட்டது. ரசம் மட்டும் ரொம்ப நாள் ‘லசம்’.

திருநெல்வேலி அம்மா:

எங்கள் மாமாவுக்கு ‘ழ’ வெறி. மூன்றரை வயதுப் பேரனை உட்காரவைத்து “ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான்” என்று தினமும் சொல்லச் சொல்வார். அவன் இப்போது வாழைப்பழத்தைப் பார்த்தாலே ஓடுகிறான். இத்தனைக்கும் எங்கள் வீட்டுப் பேச்சில் பெரியவர்களுக்கே ‘வாளப்பளம்’தான், மாமாவையும் சேர்த்து.

சென்னை ஸ்பீச் தெரபிஸ்ட்:

திருநெல்வேலி சகோதரிக்கு: வீட்டில் சுற்றிலும் யாரும் சொல்லாத ஒலியைப் பிள்ளையிடம் குறையாக எண்ணுவதில்லை. அது பள்ளிப் பாடத்தோடு வரட்டும். மாமாவிடம் என் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு எந்த ஒலி எப்போது வருகிறது என்று 27 மொழிகளில் நடந்த ஆய்வுகளை ஷேரின் மெக்லியோட், கேத்ரின் க்ரோ என்ற ஆய்வாளர்கள் 2018-இல் தொகுத்தார்கள். ஐந்து வயதுக்குள் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான மெய்யொலிகள் வந்துவிடுகின்றன. ‘ப’, ‘ம’ சீக்கிரம், ‘ர’ வகை ஒலிகள் பொதுவாகத் தாமதம். ஆனால் நான்கு வயதுப் பிள்ளை பேசுவது வெளியாட்களுக்குப் பெரும்பாலும் புரியவில்லை என்றாலோ, காதில் சீழ் வந்துகொண்டே இருந்தாலோ, “வளர்ந்தால் சரியாகிடும்” என்று உட்கார வேண்டாம்.

கோவை சகோதரர் சொன்னது சரி. ஒலியைச் சொல்லிப் பழக்காமல் ஊதுவதையும் நாக்கை நீட்டுவதையும் மட்டும் செய்தால் ஒலி வந்துவிடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நாக்கு ஒட்டு பற்றியும் கேட்கிறீர்கள். ‘க’ நாக்கின் பின்பகுதியில் பிறக்கிறது, நுனி ஒட்டியிருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வசம்பைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேனே கூடாது.

பயிற்சிக்கு ஐந்து பத்து நிமிடம் ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் திருத்தாதீர்கள். “லயில் வந்துச்சு” என்றால் “ஆமா, ரயில் வந்துச்சு! எவ்வளவு நீளமான ரயில்!” என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள், திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டாம். தெரபிஸ்டுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம். செலவு கட்டுப்படியாகாதவர்கள் அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் பற்றி விசாரியுங்கள்.

தஞ்சாவூர் டீச்சர்:

ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். இப்படிப் பேசும் பிள்ளை வருடத்துக்கு ஒன்றாவது இருக்கும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் வாயைத் திறக்காது. அதனால் முதலில் வகுப்பே சேர்ந்து சொல்லும், பிறகு இரண்டிரண்டு பேர். கூட்டத்தில் சொல்லும்போது பயம் இல்லை, பக்கத்தில் சரியான ஒலியும் காதில் விழுகிறது. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: விருந்தாளி முன்னால் “அதைச் சொல்லிக்காட்டு கண்ணு” என்று கேட்டுச் சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது செல்லம். பிள்ளைக்கு அப்படி இல்லை.

சேலம் அம்மா:

மகளுக்கு ஆறு வயது. ‘ஸ’ சொன்னால் நாக்கு பல்லுக்கு வெளியே எட்டிப்பார்க்கும். பல்லை மூடிக்கொண்டு பாம்புச் சத்தம் போடச் சொல்லி அதைச் சரிசெய்தாயிற்று. தெரபி அறையில் ‘ஸ்பூன்’, ‘பஸ்’ எல்லாம் சுத்தமாக வரும். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே பழையபடி!

அதற்கு எங்கள் தெரபிஸ்ட் சொன்ன வழி: நாள் முழுக்க எதிர்பார்க்காதீர்கள், ஏதாவது ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஸ்கூல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தை எடுத்துக்கொண்டோம். அங்கே மட்டும் புது ‘ஸ’, பஸ் ஏறியபின் அவள் இஷ்டம். அவளுக்கு ஒரு வேலையும் கொடுத்தேன்: நான் நடுநடுவே வேண்டுமென்றே நாக்கை நீட்டி ‘ஸ’ சொல்வேன், அவள் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது என்னை மட்டுமல்ல, டிவியில் செய்தி வாசிப்பவரையும் பிடிக்கிறாள். பேச்சு வேகத்தில் இன்னும் பாதி பழைய ‘ஸ’தான் வருகிறது. சொல்லி முடித்ததும் அவளே நின்று மாற்றிச் சொல்கிறாள், அடுத்த மாதம் வகுப்பை வாரம் ஒன்றாகக் குறைக்கப் போகிறார்கள்.