கரண்ட் இல்லாத நாட்களில் ஃபிரிட்ஜ்: மலைக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கொடைக்கானல் மருமகள்
2018 கஜா புயல். நவம்பர் 16 காலையில் கரையேறி, அன்றைக்கே எங்கள் மலையையும் ஒரு வழி பண்ணிவிட்டுப் போனது. மரமெல்லாம் ரோட்டில், கரண்ட் கிடையாது. வீட்டு இன்வெர்ட்டர் பழசு, சதுர அலையாகக் கரண்ட் தருகிற வகை. ஃபிரிட்ஜை மாட்டினால் ‘ம்ம்ம்’ என்று முனகும், ‘டிக்’ என்று நிற்கும், மறுபடி முனகும். பக்கத்துக் காட்டேஜில் ராத்திரி இரண்டரை மணி நேரம் ஜெனரேட்டர் ஓட்டினார்கள். கெஞ்சிக் கேட்டு அதிலிருந்து வயர் இழுத்தோம். ஃப்ரீசர் முழுக்கத் தண்ணீர் பாட்டில், நடுவில் விருந்துக்கு வாங்கிய மூன்று கிலோ மட்டன். தப்பித்தது.

எதிர்வீட்டுப் பாட்டி ஈரத்துணியில் சுற்றிய இன்சுலின் குப்பியைக் கொண்டுவந்தார். “உங்க வீட்ல கொஞ்ச நேரமாச்சும் கரண்ட் வருதுல்ல, உள்ள வை கண்ணு.” ஜில்லென்று இருக்கட்டுமே என்று நான் ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். மறுநாள் டார்ச் வெளிச்சத்தில் பாட்டி அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். பால் மாதிரி கலங்க வேண்டிய மருந்து, திரிந்த மோர் மாதிரி துகள் துகளாக நின்றது. திரும்ப உருட்டினார். அப்படியேதான். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் இங்கே வந்து எழுதியிருக்க மாட்டேன்.

எமரால்டு அண்ணாச்சி
மலையில் எதற்குங்க ஃபிரிட்ஜ்? 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்ததே, அப்போது எங்கள் பக்கம் நாள்கணக்கில் இருட்டு. பாலைக் காய்ச்சித் தூக்கில் ஊற்றி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன், கெடவே இல்லை. குந்தாவிலும் பைக்காராவிலும் தண்ணீரில் கரண்ட் எடுக்கிற ஜில்லாவில், அத்தனை தண்ணீர் கொட்டும்போது மெழுகுவத்தி! அதைச் சொல்லிச் சிரித்ததுதான் எனக்கு ஞாபகம்.

கோத்தகிரி டீத்தூள்
அண்ணாச்சி, வெளியே வைக்கச் சொல்லாதீர்கள். நாங்களும் அப்படித்தான் தோசை மாவையும் தயிரையும் பின்பக்கத் திண்ணையில் வைத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு அலுமினிய மூடி உருளுகிற சத்தம். பூனை என்று நினைத்து மாமா கதவைத் திறக்கப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கரடி. முகமெல்லாம் மாவு, வெள்ளை மீசை வைத்த மாதிரி. எங்களைப் பார்த்தது, பார்த்துக்கொண்டே நக்கியது. காலையில் தயிர்ப் பானை தேயிலைச் செடிக்கு நடுவில் கிடந்தது. இன்றைக்கும் மாமா ராத்திரியில் அந்தக் கதவைத் திறக்க மாட்டார்.

குன்னூர் பேட்டரி
என் அனுபவம் சின்னது: ஃப்ரீசரில் வைத்த டம்ளரின் அடியில் நாணயம் கிடந்ததைப் பார்த்தும், வாசனை நன்றாகத்தானே இருக்கிறது என்று மீனைப் பொரித்தேன், இரண்டு நாள் படுக்கை. (டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் வைக்க வேண்டும். காசு மூழ்கியிருந்தால் நடுவில் எல்லாம் உருகித் திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம். தெரிந்தே ஏமாந்தேன்.)

அப்புறம், அண்ணாச்சிக்கு ஒன்று. ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி. ஆகஸ்ட் ராத்திரி ஊட்டியிலேயே பத்து டிகிரிக்கு மேல்தான். உங்கள் பால் பிழைத்தது காய்ச்சியதால். ஜனவரியில் உறைபனி விழும், ஆனால் மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். திறக்காத ஃபிரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் இரண்டு நாள், பாதி நிரம்பியது ஒரு நாள். இன்வெர்ட்டர் வாங்கினால், லைன் கரண்ட் மாதிரியே சீரான அலை தருகிற சைன் வேவ்தான் வாங்க வேண்டும். சதுர அலையில் கம்ப்ரசர் சூடாகிச் செத்தும் போகலாம். கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும், 800 விஏ மாதிரிச் சின்ன இன்வெர்ட்டரில் அதனால்தான் ‘டிக்’. 150 ஏஎச், 12 வோல்ட் பேட்டரி என்றால் 1800 வாட் மணி. பாதிக்கு மேல் இறக்காதீர்கள். சின்ன ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜை மட்டும் ஓட்டினால் ஏறக்குறைய ஒரு நாள் வரும். டிவியும் கீசரும் மாட்டினால் என்னிடம் கேட்காதீர்கள். குளிரில் பேட்டரியின் கொள்ளளவும் குறையும்.

கொடைக்கானல்காரம்மா, அந்த இன்சுலினை மேஜை மேலேயே வைத்திருக்கலாம். 25 டிகிரிக்குக் கீழே நாலு வாரம் போலத் தாங்கும். உறைந்தால் வீண்தான்.

லவ்டேல் வாடகைக்காரன்
பேட்டரி சார், ஜெனரேட்டரை விட்டுவிட்டீர்கள். மழை நனைக்கிறதே என்று எங்கள் ஹவுஸ் ஓனர் அதை ஸ்டோர் ரூமுக்குள் வைத்து ஓட்டினார், குளிருக்கு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. ஐஸ்க்ரீம் உருகவில்லை. எனக்குத் தலைவலி, அவருடைய மகள் சோறு பிசைந்தபடியே தட்டில் சாய்ந்துவிட்டாள். வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஜெனரேட்டர் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. அந்தத் தட்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கொடைக்கானல் மருமகள்
மேஜை மேலேயே வைத்திருக்கலாம் என்று எனக்கும் பிறகு தெரிந்தது சார். அதைத்தான் சொல்ல வந்தேன். ரோடு திறந்த அன்றைக்கே என் வீட்டுக்காரர் வத்தலக்குண்டு வரை பைக்கில் போய்ப் புதுக் குப்பி வாங்கி வந்தார். மட்டனையும் அன்றைக்கே குழம்பு வைத்து முதல் கிண்ணத்தைப் பாட்டிக்குத்தான் கொண்டுபோனேன். கார்த்திகை பிறந்துவிட்டது கண்ணு, தொட மாட்டேன் என்று சொல்லி, கிண்ணத்தில் கொஞ்சம் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.