மறு: டிபார்ச்சர் ஆங்கிள்: 'பின்னுரசாக் கோணம்' எனலாமா?

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

> மேட்டில் ஏறும்போது பின்புறம் தரையில் இழுபடும் வீட்டூர்தியைச் (தங்கும் வசதியுள்ள வண்டியைச்) சரிசெய்வது பற்றிய கையேட்டு இயலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். 'டிபார்ச்சர் ஆங்கிள்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'புறப்பாட்டுக் கோணம்' என்று போட்டுவிட்டு மேலே போகலாமா?

வேண்டாம் அம்மா. புறப்பாடு என்றால் வண்டி கிளம்புகிறது என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார். வண்டி கிளம்புவதற்கும் இந்தக் கோணத்துக்கும் தொடர்பே இல்லை. பின்சக்கர டயரின் அடியைத் தொட்டபடி பின்னோக்கி மேலெழும் ஒரு கோட்டைக் கற்பனை செய்யுங்கள். வண்டியின் பின்பகுதியில் உள்ள ஏதாவது ஒரு கெட்டியான பாகத்தில் அது முட்டும்வரை உயர்த்துங்கள். தரைக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே இருப்பதுதான் நாம் பெயர் தேடும் கோணம். வண்டி அளவுகளுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 612 தரும் வரையறையின் சாரமும் இதுதான். வண்டி சுமையோடு அசையாமல் நிற்கும்போது அளக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம். வெறும் வண்டியை அளந்து எழுதிய எண், பயணத்துக்குக் கிளம்பிய வண்டிக்குப் பொருந்தாது.

> 'விலகு கோணம்' சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான், ஐயா. ஆனால் பள்ளி இயற்பியலில் ஒளிவிலகலுக்கு அந்தப் பெயரை முன்பே கொடுத்துவிட்டோம். அடுத்து வந்த 'பின்னேற்றக் கோணம்' என்ற பரிந்துரைக்கும் இதே சிக்கல் உண்டு: முக்கோணவியல் பாடத்தில் ஏற்றக்கோணமும் இறக்கக்கோணமும் மாணவர் மனத்தில் ஊறிப்போனவை. அதைவிடப் பெரிய குறை, சரிவின் கோணமும் வண்டியின் கோணமும் அந்தப் பெயரில் ஒன்றாகிவிடுவது. இந்த இயலில் சொல்ல வேண்டியதே அவை இரண்டும் வேறு என்பதுதான். சாலை ஒரு கோணத்தைக் கேட்கிறது. வண்டியிடம் ஒரு கோணம் இருக்கிறது. கேட்பது இருப்பதைவிட அதிகமானால் வால் உரசும்.

ஆகவே என் பரிந்துரை 'பின்னுரசாக் கோணம்'. பின்புறம் உரசாமல் இருக்கும் எல்லை எதுவோ அது. வண்டி ஓட்டுபவர் எவரும் "பின்பக்கம் உரசுகிறது" என்றுதான் முறையிடுகிறார். அவர் வாயிலிருக்கும் வினையையே கலைச்சொல்லின் நடுவில் வைத்தால், அட்டவணையைப் பார்த்த மாத்திரத்தில் அந்த எண் எதற்கு என்று புரிந்துவிடும். 'உராயா' என்று எழுதலாமே என ஒருவர் கேட்கக்கூடும். உராய்வுக் கோணம் ஏற்கெனவே இயற்பியலில் இருக்கிறது; அதோடு மோத வேண்டாம்.

> எதிர்மறைச் சொல்லைக் கலைச்சொல்லாக்குவது முறையா? ஒரு பொருள் என்ன என்பதைச் சொல்ல வேண்டுமே தவிர, என்ன அல்ல என்பதைச் சொல்லலாமா?

பகா எண்ணைப் பல தலைமுறைகளாகப் படித்து வருகிறோம். ஒளிபுகாப் பொருள், நிறைவுறாக் கொழுப்பு என்பவற்றில் எவரும் தடுக்கி விழுவதில்லை. தமிழில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்கும்போது அதை ஒதுக்குவது நமக்குத்தான் இழப்பு. எல்லையைக் குறிக்கும் சொல்லுக்கு எதிர்மறை இயல்பாகவே பொருந்துகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. இந்தக் கோணம் தனியாக வருவதில்லை. முன்புறத்துக்கு ஒன்று, மேட்டின் முகட்டைக் கடக்கும்போது வண்டியின் வயிறு தட்டாமலிருக்க ஒன்று என மூன்றாக வரும். முன்னுரசாக் கோணம், இடையுரசாக் கோணம், பின்னுரசாக் கோணம் என்றால் ஒன்றைக் கற்றவர் மூன்றையும் கற்றவராகிறார்.

சொல் நிற்குமா என்பதைப் பட்டறையில்தான் சோதிக்க வேண்டும். ஆகவே இயலின் உள்ளடக்கத்துக்குள் அதை இட்டுப் பார்க்கிறேன். ஒரு வீட்டூர்தியின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5 மீட்டர். பின் அச்சுக்கு 3 மீட்டர் பின்னால், தரையிலிருந்து 35 செ.மீ. உயரத்தில், இழுவைக் கொக்கியைப் பொருத்தும் இரும்புச் சட்டம் இருக்கிறது. பின்னுரசாக் கோணம் ஏறத்தாழ 6.7 பாகை. 8 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் நீண்ட சரிவின் கோணம் 7.1 பாகை. முன்சக்கரங்கள் சரிவில் ஏறி, பின்சக்கரங்கள் அதன் அடிவாரத்தை எட்டும் கணத்தில் அந்தச் சட்டம் தரையைக் கீறும். ஏறும்போது மட்டுமல்ல, அதே சரிவில் இறங்கிச் சமதளத்துக்கு வரும்போதும் கீறும். அப்போது வால் சரிவின் மேல் இருக்கும். இயலின் தலைப்பு ஏற்றத்தை மட்டும் சொல்கிறது. மொழிபெயர்ப்பில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இப்போது பின் அச்சின் மேல் உடற்கூட்டை 5 செ.மீ. உயர்த்துகிறோம் என்று வையுங்கள். முன் அச்சு ஊன்றுபுள்ளியாக நிற்பதால் வால் 5 செ.மீ. அல்ல, 8 செ.மீ. உயர்கிறது. சட்டம் 43 செ.மீ. உயரத்துக்கு வந்துவிடும்; பின்னுரசாக் கோணம் 8.2 பாகைக்கு அருகில் போகும். அதே சரிவு இப்போது உரசாது. இதன் மறுபக்கத்தையும் வாசகர் உணர வேண்டும். அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் கமான் பட்டைகள் தளர்ந்து அச்சில் 1 செ.மீ. தாழ்ந்தால், வாலில் 1.6 செ.மீ. தாழ்ந்துவிடுகிறது. "நேற்றுவரை ஏறிய இடத்தில் இன்று உரசுகிறது" என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

ஆனாலும் உயர்த்துவதைக் கையேடு முதல் வேலையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் ஒரு கயிறு. பின்சக்கர டயரின் பின்பக்க அடியில் கயிற்றின் ஒரு நுனியைச் செருகி, மறுநுனியை வண்டியின் பின்னால் விறைப்பாகப் பிடித்து மெதுவாக உயர்த்த வேண்டும். கயிறு எந்தப் பாகத்தில் முதலில் படுகிறதோ அதுதான் குற்றவாளி. அது பல சமயம் வண்டியின் கடைக்கோடியில் இருக்காது. கழிவுநீர்த் தொட்டியின் வடிகுழாய் முனையாகவோ, கீழ்நோக்கி வளைந்த புகைபோக்கியாகவோ இருக்கும். அங்கே குனிந்து பார்த்தால் பெயின்ட் உதிர்ந்து இரும்பு பளபளப்பது தெரியும். ஓரங்களில் மட்டும் துருவும் நடுவில் பளபளப்பும் இருந்தால் அண்மையில் உரசியது என்று பொருள். ரப்பர் மண்காப்புத் திரை உரசுவதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது வளைந்துகொடுக்கும். அந்த ஒரு குழாயை ஒரு கை அளவு மேலே மாற்றிப் பொருத்தினாலே போதும் என்றால் வண்டியை ஏன் உயர்த்த வேண்டும்? கயிற்றின் சாய்வைக் கைப்பேசியின் சாய்வுமானியில் பார்த்தால் பின்னுரசாக் கோணமே எண்ணாகக் கிடைத்துவிடும். இந்த இடத்தில் சொல்லும் செயலும் ஒட்டிப்போவதைக் கவனியுங்கள்: கயிறு உரசாத எல்லையைத்தான் கையால் அளக்கிறோம்.

அடுத்தது சுமை. பின் அச்சுக்கு 2.5 மீட்டர் பின்னால் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால், 5 மீட்டர் அச்சிடைத் தூரமுள்ள வண்டியில் பின் அச்சின் சுமை 150 கிலோ கூடுகிறது. முன் அச்சில் 50 கிலோ குறைகிறது. வால் தாழ்வதோடு திருப்புசக்கரங்களின் பிடியும் தளர்கிறது. ஒவ்வோர் அச்சையும் தனித்தனியே எடைமேடையில் நிறுத்திப் பார்த்து, பின்னால் இருக்கும் கனமான பொருள்களை அச்சுகளுக்கு இடையே நகர்த்தினாலே பல வண்டிகளில் உரசல் நின்றுவிடும்.

அதன் பிறகே கமான் பட்டை சேர்ப்பதும் காற்றுவில் பொருத்துவதும். 'ஏர் ஸ்பிரிங்' என்பதற்குக் 'காற்றுப்பை' என்று மொழிபெயர்ப்பில் இருந்தது, தயவுசெய்து மாற்றுங்கள். விபத்தில் விரியும் பாதுகாப்புப் பையோடு அது குழம்பும். 'சுருள்வில்' என்ற சொல்லுக்கு இணையாகக் 'காற்றுவில்' இருக்கட்டும். அது வண்டியை நிமிர்த்தும், ஆனால் பின் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட சுமை வரம்பை ஒரு கிலோகூட உயர்த்தாது. இந்த எச்சரிக்கை மூலத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறது. தமிழில் தடித்த எழுத்தில் போட வேண்டும் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். பின்புறத்தை உயர்த்தினால் முகப்பு விளக்கின் ஒளி கீழே விழும், அதைத் திருத்த வேண்டும். சில வண்டிகளில் பின் அச்சின் தாழ்வை உணர்ந்து பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கும். உடற்கூடு உயர்ந்ததும் வண்டி காலியாக இருப்பதாக அது எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைத் தளர்த்திவிடும். அதையும் சேர்த்துச் சரிசெய்யாமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதியைக் குறிக்கும் 'ஓவர்ஹேங்'குக்குப் 'பின்நீட்டம்' போதும். 'தொங்கல்' என்றால் ஏதோ கழன்று தொங்குவதுபோல் ஒலிக்கிறது. முன்புறத்துக்கு முன்நீட்டம்.

> பின்சட்டத்தின் அடியில் பொருத்தும் இரும்புச் சக்கரங்களுக்கு 'உரசல் தடுப்பு உருளை' சரியா?

இதை மட்டும் ஏற்க முடியவில்லை. அந்த உருளை உரசலைத் தடுப்பதில்லை. உரசும் இடத்தில் உருண்டு சட்டத்தைக் காக்கிறது, அவ்வளவுதான். இன்னும் தெளிவாகச் சொன்னால், அது சட்டத்துக்குக் கீழே தொங்குவதால் பின்னுரசாக் கோணத்தைச் சற்றுக் குறைக்கவே செய்கிறது. வண்டியின் எடை உருளையின் மேல் ஏறினால் பின்சக்கரங்களின் பிடி குறையும். பின்சக்கரங்களால் இயங்கும் வண்டியாக இருந்தால் அவை வெறுமனே சுழலும். கைபிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது என்றால் அந்த நிலையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவது ஆபத்து. 'தடுப்பு' என்ற சொல்லை நம்பி ஒருவர் செங்குத்தான சரிவில் துணிந்து ஏற்றிவிடக் கூடாது. 'காப்புருளை' என்று எழுதி, வரையறையில் "பின்னுரசாக் கோணத்தைக் கூட்டாது" என்ற வாக்கியத்தையும் சேர்த்துவிடுங்கள்.

இடையுரசாக் கோணத்தின் வரையறையை வரைபடத்தோடு தனி மடலில் அனுப்புகிறேன். அதற்கு அச்சிடைத் தூரத்தின் நடுப்புள்ளியை வைத்துக் கணக்கிட வேண்டியிருப்பதால் இந்த மடலில் அடங்காது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லை மட்டும் எழுதாமல், கயிற்றுச் சோதனை பற்றிய பத்தியில் அதை இட்டு வாக்கியமாக எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
பட்டறைக் கையேட்டுக் குழுவிலிருந்து