அண்ணன் மகள் பூத்தொடுத்தால் அது குழந்தைத் தொழிலா?

மல்லிகைச்சரம்:
சிங்கப்பூர்த் தேக்காவில் எங்களுக்குப் பூக்கடை இருக்கிறது, தாத்தா தொடங்கியது. ஜூன் விடுமுறையில் அண்ணன் மகள் கடைக்கு வந்துவிடுவாள். வயது 11. முக்காலியில் உட்கார்ந்து, நனைத்த நாரை மடியில் போட்டுக்கொண்டு மல்லிகை தொடுப்பாள். போன சனிக்கிழமை பூமாலை வாங்க வந்த ஒருவர் எல்லார் முன்னாலும் "இது குழந்தைத் தொழில், தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். அண்ணி அன்று சாப்பிடவே இல்லை. நானும் அந்த வயதில் தொடுத்தவள்தான். கைவேகம், சில்லறைக் கணக்கு, ஆள் பார்த்துப் பேசுவது எல்லாம் அந்த முக்காலியில் கற்றது. காங்கோவில் கோபால்ட் தோண்டும் பிள்ளையையும் எங்கள் வீட்டுப் பெண்ணையும் ஒரே சொல்லால் அழைப்பது நியாயமா?

புளோக்412:
கேட்டவர் கேட்ட இடம் தப்பு. கேள்வி தப்பில்லை. இங்கே 13 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. 13 முடிந்தால் தொழிற்கூடம் அல்லாத இடத்தில் இலேசான வேலை மட்டும். குடும்பக் கடையில், அதுவும் சம்பளம் இல்லாமல் செய்தால் சட்டம் எப்படிப் பார்க்கும் என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தன் கணக்கெடுப்பில் 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளை வாரத்தில் ஒரு மணி நேரம் பொருளீட்டும் வேலை செய்தாலே சேர்த்துக்கொள்கிறது. 12 வயதிலிருந்து 14 வரைதான் வாரம் 14 மணி நேரம் என்று தளர்த்துகிறார்கள்.

மல்லிகைச்சரம்:
ஒரு மணி நேரமா! அப்படியானால் உலகத்தில் 13.8 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள் என்று செய்தியில் வருகிறதே, அதில் எத்தனை பேர் எங்கள் பெண்ணைப் போன்றவர்கள்? எல்லாரையும் சேர்த்து எண்ணினால் உண்மையில் அவதிப்படும் பிள்ளை அந்தக் கூட்டத்தில் மறைந்துபோகாதா?

புளோக்412:
மறையவில்லை, தனியாகவும் எண்ணுகிறார்கள். 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்த 13.8 கோடியில் 5.4 கோடிப் பேர் ஆபத்தான வேலையில் இருக்கிறார்கள். 2000இல் மொத்தம் 24.6 கோடியாக இருந்தது, குறைந்துதான் வந்திருக்கிறது. ஆனாலும் 2025க்குள் முற்றாக ஒழிப்போம் என்று நாடுகள் ஐ.நா.வில் கொடுத்த வாக்கு தவறிப்போனது.

சாத்தூரான்:
அக்கா, நான் இங்கே 14 வருடமாக ஏர்கான் டெக்னீஷியன். சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, "குடும்பத்துக்குள் நடந்தால் அது உதவி" என்ற நினைப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டோம், தீப்பெட்டி ஆபீஸ் என்போம். விடியற்காலை 4 மணிக்கு பஸ் வரும். என் அக்கா 10 வயதில் கட்டை அடுக்கப் போனாள். மரச்சட்டத்தில் தீக்குச்சியை ஒவ்வொன்றாகச் செருகும் வேலை, எத்தனை கட்டையோ அத்தனைக்குத்தான் கூலி. நான் ஆபீஸுக்குப் போகவில்லை. பள்ளி விட்டு வந்ததும் அம்மாவோடு வீட்டிலேயே அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டுவேன். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோசு. மைதாப் பசை நகத்துக்குள் காய்ந்து கிடக்கும், சோற்றைப் பிசைந்தால் அந்த வாடைதான் வரும். வீட்டுப்பாடம் எழுதிய நாளை விரல்விட்டு எண்ணலாம். அப்பா கொடுமைக்காரர் இல்லை. மழை இல்லாத வருடத்தில் வாங்கிய அட்வான்ஸ் எங்கள் தலையில் இருந்தது.

யாராவது வந்து பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? அம்மா, பிள்ளை, திண்ணை, சிரிப்பு. அதற்குப் பெயரும் குடும்பத் தொழில்தான். இந்தியாவில் 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று சொல்லிவிட்டு, பள்ளி நேரம் போக ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் கொடுத்தார்கள். வீட்டுக்குள் எந்த ஆய்வாளர் வந்து மணி பார்ப்பார்? 2020ஆம் ஆண்டுக் கணக்கில் உலகக் குழந்தைத் தொழிலாளர்களில் நூற்றுக்கு 72 பேர் சொந்தக் குடும்பத்துக்குள்தான் வேலை செய்தார்கள்.

ஈசூன் டீச்சர்:
தம்பி எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. ஆனாலும் தடையை இறுக்கினால் சரியாகிவிடும் என்பதை நான் ஏற்க மாட்டேன். 1992இல் அமெரிக்க செனட்டில் டாம் ஹார்க்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார், சிறுவர் உழைப்பில் செய்த பொருளை நாட்டுக்குள் விடக்கூடாது என்று. அது சட்டமாவதற்கு முன்பே பங்களாதேஷ் ஆயத்த ஆடை ஆலைகள் பயந்துபோய்ச் சுமார் 50,000 பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டன. அவர்கள் பள்ளிக்கா போனார்கள்? பலர் கல் உடைக்கப் போனார்கள், சிலர் பாலியல் தொழிலுக்கே தள்ளப்பட்டார்கள். 1995இல்தான் ஆலை முதலாளிகளும் யுனிசெஃபும் தொழிலாளர் அமைப்பும் உட்கார்ந்து பேசி, பள்ளியும் மாத உதவித்தொகையும் கொடுத்துப் பிறகு விலக்குவது என்று ஒப்பந்தம் போட்டார்கள். தடுப்பது முக்கியம்தான், ஆனால் எதை முதலில் செய்கிறோம் என்பது அதைவிட முக்கியம்.

புளோக்412:
டீச்சர், அந்த வாதத்தை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் எங்கே நிற்கும் என்றும் பாருங்கள். பொலிவியா 2014இல் நிபந்தனைகளோடு 10 வயதிலேயே வேலை செய்யலாம் என்று சட்டம் போட்டது. ஏழைப் பிள்ளைக்கு வேறு வழியில்லை என்பதுதான் காரணம். சில வருடங்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். "பாவம், வேறு வழியில்லை" என்று நாம் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த வேறு வழியை யார் உண்டாக்குவது?

சாத்தூரான்:
எனக்கு உண்டாக்கியது மதியச் சோறு. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு எங்கள் பள்ளியிலும் இருந்தது. வீட்டில் ஒரு வேளை அரிசி மிச்சம் என்பதால் என்னை நிறுத்தவில்லை. அக்காவை நிறுத்திவிட்டார்கள், அவள் கூலி அரிசியைவிடப் பெரியது. அதனால் டீச்சர் சொல்வதும் சரி, இவர் சொல்வதும் சரி. என் அக்காவுக்குச் சோறு மட்டும் போதாது, ஆபீஸ் கதவில் பூட்டும் வேண்டியிருந்தது. இப்போதும் அவளுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். நான் அனுப்பும் பணத்துக்கு வங்கிச் சீட்டை அவள் மகன்தான் நிரப்புகிறான்.

பூக்கடை அக்கா, உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் பாப்பா "இன்றைக்கு வரவில்லை" என்று சொன்னால் உங்கள் வீட்டில் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது.

மல்லிகைச்சரம்:
தம்பி, நேற்று இரவு கடை சாத்திய பிறகு அவளிடம் கேட்டேன். "தொடுக்கப் பிடிக்கும் அத்தை. ஆனால் சனிக்கிழமை வேண்டாம். கூட்டத்தில் கழிவறைக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியவில்லை" என்றாள். நான் அவளுக்கு நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன், அது எனக்குத் தெரியவே இல்லை. குழந்தைத் தொழில் என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குப் பொருத்த இப்போதும் மனம் ஒப்பவில்லை. ஆனால் சனிக்கிழமைக்குச் சம்பளத்துக்கு ஆள் தேடச் சொல்லி அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

சாத்தூரான்:
ஆள் கிடைத்தாரா அக்கா?

மல்லிகைச்சரம்:
இன்னும் இல்லை. இந்தச் சனிக்கிழமை நானும் அண்ணியும் சீக்கிரம் வந்து தொடுக்கப் போகிறோம்.